பிந்தி வாசித்த பாட்டு

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு ஹார்ட் ராக் குழுவில் நான் பேஸ் கிற்றார் வாசித்தேன். எங்கள் பாடகன் விலகிப் போனதும் அவனுடைய இடத்துக்கு லின் என்ற பெண்ணை எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இவள் பாடினால் ஆர் ரெக்கோட் வாங்கப்போகினம்?" என்று கிற்றார் வாசிக்கும் என் நண்பன் குமாரிடம் கேட்டேன்.

"முதலில அவளைப் பாட விடு மச்சான்," என்றான்.

நான் விடவில்லை. புதிய இசைத்தட்டின் ஒலிப்பதிவு தொடங்கிய அன்று, வேண்டுமென்றே தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி வாசித்தேன். பாட்டு தடுமாறியது. லின்னால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினோராவது தடவையும் பாட்டுக் குலைந்தது. லின்னுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மற்றவர்கள் தேநீர் குடிக்க வெளியே போனதும் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ செய்வது முதல் தடவையே எனக்குக் கேட்டது," என்றாள். "யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் நீ ஒழுங்காக வாசிக்கும்வரை பாடுவேன். இன்று முடியாவிட்டால் நாளைக்கும் வருவேன்."

என் முகம் எரிந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள்.

பன்னிரண்டாவது தடவைதான் அவளுடைய குரலைக் காதுகொடுத்துக் கேட்டு வாசித்தேன். உச்சத்தில் அந்தக் குரல் கிழிந்தது. ஆனாலும் அவள் இறங்கவில்லை. அந்தப் பதிவுதான் இசைத்தட்டில் இருக்கிறது.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. இன்றும் யாராவது அந்தப் பாட்டைப் புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அதைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான் என்று இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.