மூடச் சொன்னது அவர்தான்

நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெஷின் மக்கர் செய்தால் வெளியூரிலிருந்தே சரிசெய்து தரும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்க, இன்று காலை ஆன்லைனில் டெமோ.

விற்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். பேச்சிலேயே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. நான் எழுதிவைத்த கேள்விகளோடு விறைப்பாக ஆரம்பித்தேன்.

"எங்க பேஷண்ட் வெவரம் உங்காளுங்க கண்ணுல படுமாங்க? வெளிய போகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, "உங்களுக்கு என்ன பிரச்சினைங்க சார்?" என்றார்.

என் ஸ்கிரீனை அவருக்குத் தெரியும்படி பகிர்ந்தேன். பிரிண்ட் ஆகாமல் நின்ற ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து, பெரிதாக்கியும் காட்டினேன். பெயர், வயது, ஊர், டெஸ்ட், முடிவு, எல்லாம் நிஜம்.

"தெரியுதுங்களா?" என்றேன்.

"தெரியுதுங்க சார். மொதல்ல அதை மூடுங்க. அது எங்க சித்திங்க. ஊட்டுல யாருக்குமே இது தெரியாதுங்க."

மூடினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "நான் பாக்கலைன்னே வெச்சுக்குங்க சார்" என்று அவரே சொன்னார்.

கேள்விகள் எழுதிய தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அதில் என்னைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

திட்டுவதென்றால் கமெண்டில் தாராளமாகத் திட்டுங்கள். என்ன டெஸ்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்காதவருக்கே காட்டியவன் நான்.