துணி ரெடி

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாளாம். “துணி ரெடி, வந்து வாங்கிக்கங்க” என்று வீட்டுக்கு வீடு போன் போடுவாளாம். போய்க் கேட்டால் கையை விரிப்பாளாம். வாசல் காவலாளிக்கு இதைச் சொன்னது அவருடைய கொழுந்தியாள். கொழுந்தியாளுக்கு யார் சொன்னார்களோ.

அந்தத் தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அவர் எச்.ஐ.வி. பரிசோதனை அறையின் ஆலோசகர். கதவில் எண் மட்டும் உண்டு, பெயர்ப்பலகை கிடையாது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, “போனை வேற யாராவது எடுத்தா நான் யாருன்னு சொல்லட்டும்?” என்பதைத்தான். ஒருவருக்கு அவர் நூலகம். இன்னொருவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சதுரங்கச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்திருக்கிறார். பெண்கள் பெரும்பாலும் தையல் கடையைத்தான் சொல்வார்கள். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவர் ‘டெய்லரம்மா’.

மேசைமேல் ஆணுறைப் பெட்டி திறந்தே கிடக்கும். வந்தவரின் கண் அதில் பட்டு நழுவினால் போதும், டெய்லரம்மா எழுந்துபோய், ஏற்கெனவே மூடியிருக்கும் ஜன்னலை மூடுவார். முதுகுக்குப் பின்னால் சரசரப்பு அடங்கும்வரை கொக்கியோடு மல்லுக்கட்டுவார். “அந்தக் கொக்கிக்கு வாயிருந்தா அழுதுடும்” என்பார் பக்கத்து அறை ரத்தப் பரிசோதகர்.

டெய்லரம்மாவின் பேச்சு கறார். “கை குலுக்கினா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. உறை இல்லாத உறவுல வரும், அடுத்தவங்களுக்குப் போட்ட ஊசியில வரும், அம்மாகிட்டேருந்து பிள்ளைக்கு வரும். எல்லாத்துக்கும் தடுப்பு இருக்கு. பயப்படணும்னா மாத்திரையைப் போட்டுக்கிட்டே பயப்படுங்க.”

போன வாரம் ஒரு கர்ப்பிணியின் முடிவு வந்தது. கிருமி இருக்கிறது. உடனே மாத்திரை தொடங்கி, விடாமல் சாப்பிட்டால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து. வீட்டுக்கு ஒரே போன். எடுத்தது மாமியார். “தையல் கடை. துணி ரெடி, உங்க மருமகளை வரச் சொல்லுங்க” என்று டெய்லரம்மா சொல்லி வைத்தார்.

மறுநாள் மாமியாரே வந்து நின்றார். ஆஸ்பத்திரித் தையல்காரியைப் பற்றிய ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது; வாசலில் டெய்லர் எங்கே என்று கேட்டதும் காவலாளி வழிகாட்டிவிட்டிருக்கிறார். டெய்லரம்மா கைக்குட்டையை எடுத்து ஆணுறைப் பெட்டிமேல் போட்டார்.

“எங்க துணியக் குடும்மா. மருமக தலைசுத்தல்னு படுத்துக் கெடக்கா. ஊரை ஏமாத்துற மாதிரி என்கிட்ட நடக்காது, ஆமா!”

ஒரு சொல் பிசகினால் அந்தப் பெண்ணின் குடி கெட்டது.

“தைச்சது பத்தாதும்மா. வயிறு வளருதில்ல? மறுபடி அளவெடுக்கணும். அவங்கதான் வரணும்.”

“என் அளவுக்குத் தைச்சுடேன். தொளதொளன்னு இருந்தா என்ன குடி முழுகிடும்?”

“பிள்ளைத்தாய்ச்சி தடுக்கி விழுந்துட்டா?”

மாமியார் அறையை ஒருமுறை நோட்டம் விட்டார். “தையக்காரிங்கிற, ஒரு டேப்பு கூட இல்லியே!”

“தைக்கிறவங்க வேற எடத்துல இருக்காங்க. நான் அளவு மட்டும்தான்.”

“என்னமோ போ. நாளைக்குப் போனை அவகிட்ட விட்டுட்டு வெளிய போறேன். எப்ப வரணும்னு அவகிட்டயே சொல்லு. துணி மட்டும் ஒரு சாண் குறைஞ்சுது…” விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே டெய்லரம்மா கடைத்தெருவில் ஓர் இஞ்ச் டேப் வாங்கினார்.

மறுநாள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எண்ணை அழுத்தினார். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மாமியார் வெளியே போனாரா? போனைக் கையோடு கொண்டுபோய்விட்டாரா? அந்தப் பெண்தான் எடுக்கப் பயந்துகொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளா?

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, டேப்பை உருவித் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். பிறகு ஒரு பிள்ளைக்கு இடம் விடுகிறவர்போல் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.