அப்பா விட்டுக்கொடுத்த இடம்

1998-இல் ஒரு ஞாயிறு மாலை, ஒக்கலிபுரம் வீட்டில் நானும் அப்பாவும் குழாய்க்கு வாஷர் மாற்றினோம். இரவு அவருக்கு நெஞ்சு வலித்தது; சட்டை வியர்வையில் நனைந்தது. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரே ஒரு இசிஜி இயந்திரம். ஒன்பது பேர் காத்திருந்தார்கள். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அப்பா. பெஞ்சில் இருந்தபடியே எல்லோரையும் வரிசைப்படுத்தினார். இரண்டு முறை அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் விட்டுக்கொடுத்தார்.

“நான் கடைசி ஸ்டாப்புல எறங்கறவன்டா. அந்தம்மாவ மொதல்ல அனுப்பு.”

இசிஜி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்த வியர்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் பேச்சைக் கேட்டேன். விடிகாலை நாலரைக்கு உள்ளே கொண்டுபோனோம். ஐந்து மணிக்கு இறந்தார்.

சட்டைப்பையில் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒரு பக்கக் கம்பி கழன்றிருந்தது. திங்கட்கிழமை கடையில் திருகு போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தார்.