மூன்றாவது வயர்

குமுதா பெட்ரோல் மூடியைத் திருகும்போது காதை அதனருகே கொண்டுபோவார். உஸ்ஸென்ற ஓசை நின்ற பிறகே முழுதாகக் கழற்றுவார். அந்நேரம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் யாராவது சிகரெட்டை எடுத்தால், திரும்பிப் பார்க்காமலே, "அண்ணே, அத அங்கிட்டு கொண்டு போங்கலா" என்பார். போய்விடுவார்கள்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் கார் வயரிங் பார்ப்பவர். வயது நாற்பத்து நான்கு. முன்பு பதினொரு வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் சோதனை மேசையில் இருந்தார். அங்கே பழகிய துணித்தொப்பியை இன்னும் விடவில்லை. மீட்டர் காட்டும் எண்களை இடது மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். தாளில் எழுதலாமே என்றேன். "தாளு தொலஞ்சிரும். கை எங்க போவும்?"

நான் போயிருந்த அன்று பூரணம் வந்திருந்தார். யாழ்ப்பாணப் பூர்வீகம், ஓய்வுபெற்ற தாதி, ஊர்க்காரர்களுக்கு 'மிஸ்ஸி', வயது எழுபத்தொன்று. படுக்கையில் கிடக்கும் தங்கையைப் பார்க்க, வாரம் இருமுறை தஞ்சோங் காராங்குக்குத் தானே காரோட்டிப் போகிறவர். அன்று ஓட்டிவந்தது மகன் குமணன். ஒரு மாதமாக எஞ்சின் விளக்கு எரிகிறது. பெட்ரோல் டேங்கின் அழுத்தத்தை அளக்கும் சென்சரை வேறொரு பட்டறையில் மாற்றியும் அணையவில்லை.

"இன்னைக்கும் சரிவராட்டி வித்திடுவோம்மா. இந்த வயசுல நீங்க ஓட்டவும் வேணாம்," என்றார் குமணன். பூரணம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல மீட்டர்கிட்ட கேப்போம் தம்பி," என்றார் குமுதா.

பெட்ரோல் மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் பின்னிருக்கையைத் தூக்கினார். சென்சருக்குப் போவது மூன்று வயர்கள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். முதல் வயரில் ஐந்து வோல்ட், சரி. மூடி திறந்திருக்கையில் இரண்டாவது வயரில் ஏறக்குறைய இரண்டரை வரவேண்டும். வந்ததோ ஐந்தை ஒட்டி.

"அப்ப புது சென்சரும் போச்சா?" என்றார் குமணன்.

"நானும் ஒருக்கா அப்படி நெனச்சு நல்ல சாமானத் தூக்கி வீசியிருக்கேன். அதுலேர்ந்து மூணு வயரையும் பாக்காம வாயத் தொறக்கறதில்ல."

மூன்றாவது, எர்த் வயர். அது அறுந்தாலும் இரண்டாவதில் ஐந்து காட்டும். அதைத் தொடர்ந்து காருக்கடியில் ஊர்ந்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சேறு அப்பிய இடத்தில், உறைக்குள்ளே செம்புக்கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது. வெட்டியெறிந்து, புதுக் கம்பியைக் குறட்டால் அழுத்திச் சேர்த்தார். டேங்கின் பக்கத்தில் பற்றவைப்பு வேலை கிடையாது. மறுபடி மீட்டரை வைத்தார். இரண்டரை. மணிக்கட்டில் எழுதினார். காரின் கணினியில் பதிவாகியிருந்த பிழையை அழித்து, மூடியை இறுக்கி, குமணனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரை அரைமணி நேரம் சுற்றிவந்தார். விளக்கு எரியவில்லை.

"காருக்கு ஒண்ணுமில்ல மிஸ்ஸி," என்றார் இறங்கியதும்.

"கார் சரிக்கா. அம்மாவுக்கு வயசாயிருச்சே," என்றார் குமணன்.

குமுதா யோசித்தார். "மிஸ்ஸி, கண்ணு செக் பண்ணீங்களா?"

"போன மாசம்தான் காட்டினனான். கண்ணாடியும் மாத்தியாச்சு."

"கால் மரமரப்பு, தலசுத்தல்?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

குமுதா காரிடம் போனார். ஓட்டுநர் கதவைத் திறந்து, குனிந்து, குமணனின் நீண்ட கால்களுக்காகப் பின்னே போயிருந்த இருக்கையை, 'டக் டக்'கென்று பூரணத்துக்கு எட்டும்வரை முன்னே இழுத்துவிட்டார்.