பெப்பர் சூப் பத்தியம்

போன சனிக்கிழமை நானும் மனைவியும் மவுண்ட் ரோஸ்கில் கடைத்தெருவில் ஒரு சின்ன நைஜீரியச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். டேக்-அவே கடைதான். ஆனாலும் யன்னலோரம் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டிருந்தார்கள். மிளகாய் வதங்குகிற வாசம் தெருவரைக்கும் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனது. நான் என்ன செய்ய?

என் இதய ஒப்பரேஷன் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே போதுமான அளவு புலம்பிவிட்டேன். புலம்பாமல் பாக்கி வைத்திருப்பது அதற்குப் பிறகு வந்த சாப்பாட்டை. உப்பையும் எண்ணெயையும் குறைக்கும்படிதான் டொக்டர் சொன்னார். மிளகாயைப் பற்றி மனிதர் வாயே திறக்கவில்லை. ஆனால் என் மனைவி சாந்திக்கு அது போதவில்லை. வருத்தக்காரனுக்குப் பத்தியம் என்றால் பத்தியம்தான்! மிளகாய்த்தூள் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அவித்த கோழி, அவித்த கரட், அவித்த பீன்ஸ்... "இனி எல்லாம் நோர்மல்" என்று டொக்டர் சொன்ன பிறகும் அதேதான். கார்கூட இன்னும் அவள்தான் ஓட்டுகிறாள்.

கவுண்டரில் நின்ற கடைக்கார அம்மாவிடம் இரண்டு பெப்பர் சூப் சொன்னோம். அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். "பெப்பர் சூப் எவ்வளவு உறைப்பாக வேண்டும், சேர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி முந்திக்கொண்டாள். "அவருக்கு மைல்ட்."

அந்த அம்மா சிரித்தபடியே, "சிஸ்டர், நான் அவரைத்தான் கேட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் யாராவது எதையாவது கேட்டு எத்தனை காலம்! ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாந்தியைக் கேட்பார். பார்க்க வந்த சனமும் சாந்தியைத்தான் கேட்கும் — "அவர் நித்திரை கொள்ளுறாரோ? சாப்பிடுறாரோ?" நான் பக்கத்திலேயே இருப்பேன்! நெஞ்சைத் தைத்தவர்கள் என் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்ததுண்டு.

"நல்ல உறைப்பாய்" என்றேன், பெரிய வீரன் போல.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன விசரே?" சாந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏதும் நடந்தா நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

"டொக்டரே விட்டிட்டார். நீரும் விடுமன்."

தமிழ் புரியாவிட்டாலும் புருஷன் பெண்சாதி சண்டை எவருக்குப் புரியாது? எனக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று அந்த அம்மா விசாரித்தார். சொன்னேன். அவர் சாந்தியின் பக்கம் திரும்பினார்.

"எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் இந்தச் சூப்தான் காய்ச்சிக் கொடுப்போம். மீனும் மிளகாயும் சரக்குத்தூளும்தான். எண்ணெய் துளியும் இல்லை."

சாந்தி "எங்கட பத்தியக்கறி மாதிரி..." என்று முணுமுணுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் அரைத்துவிட்டுக் காய்ச்சுவோமே, அந்தக் கறி. அதில் இல்லாத காரமா? பத்தியம் என்றாலே உறைப்பு ஆகாது என்று எங்களுக்கு யார்தான் சொன்னார்களோ!

"சரி, குடியுங்கோ. ஆனா மெல்ல மெல்ல."

"உங்களுக்கு எவ்வளவு உறைப்பு, சிஸ்டர்?"

"எனக்கும் அதேதான்" என்றாள்.

சூப் வந்தது. முதல் வாயிலேயே நாக்கு எரிந்தது, மூக்கு ஓடியது, காது சூடாகியது. அடடா, என்ன சுகம்! நான் பிழைத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. சாந்தி பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நிமிர்ந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்த தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கோப்பையைத் தூக்கி அடியில் கிடந்ததையும் குடித்து முடித்துவிட்டு, கூச்சத்தோடு கேட்டாள்: "இன்னொண்டு எடுப்பமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதமும் தனக்கென்று ஒரு உறைப்புக் கறி அவள் காய்ச்சியதில்லை. நான் முகம் சுளித்த அதே கரட்டைத்தான் எனக்கு எதிரே இருந்து அவளும் சாப்பிட்டாள். நான் வீட்டிலும் புலம்பினேன், வெளியிலும் புலம்பினேன். அவள் மூச்சுக்கூட விடவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுந்து போய் இன்னொரு சூப் சொல்லிவிட்டு வந்தேன்.

வெட்டுப்பட்டது என் நெஞ்சு மட்டும்தான். பத்தியம் இருந்ததோ நாங்கள் இரண்டு பேரும்!