சகாயம்மாள் துடைத்த சீனத்து பீரோ

பூந்தமல்லியில் சகாயம்மாள் துடைத்து வைத்த பீரோவின் பளபளப்பைக் கேள்விப்பட்டு, சீனத்துச் சக்கரவர்த்தியே வெட்கப்பட்டுத் தன் சாமானையெல்லாம் தெருவில் போட்டுவிட்டுப் பாயில் படுத்தாராம். அதில் செதுக்கிய பாம்புகள் மட்டும் ஒன்பதாயிரம். ஒவ்வொன்றுக்கும் கால் உண்டு, நகம் உண்டு, தாசில்தாரை மிஞ்சும் மீசையும் உண்டு.

அவள் வேலைபார்த்த பங்களாவின் துரைசானிக்கு மாமனாரானவர் சீனத்துச் சண்டைக்குப் போனபோது கப்பலில் கொண்டுவந்த கருமரம் அது. முப்பது வருஷம் சகாயம்மாள் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, தேங்காய் எண்ணெய் தொட்டு, பாம்பின் அக்குள் வரைக்கும் துடைத்தாள். பெற்ற பிள்ளை ஒன்றும் தங்காத கை.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து துரைசானி பெங்களூர் கிளம்பினாள். மற்ற சாமானெல்லாம் விலைபோயிற்று. பீரோ மட்டும் நின்றது. "அது விக்கிற வரைக்கும் பின்கட்டு ரூம்ல இரு. வித்ததும் சாவியைக் கொடுத்துட்டுப் போ" என்றாள். சகாயம்மாளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்து, பழைய சாமான் சேர்க்கிற பெரிய புள்ளி ஒருவர் வரப்போவதாகத் தரகர் தேவராஜ் சொன்னதும் அவள் ஒரு கணக்குப் போட்டாள். அசிங்கமாக இருந்தால் வாங்கமாட்டாரே! துடைப்பதை நிறுத்தினாள். நாலு மாசத்தில் எண்ணெய்மேல் தூசி அப்பிக்கொண்டது. போதாதென்று அடுப்புச் சாம்பலையும் ஊதினாள். ஊதுமுன் ஒவ்வொரு பாம்பிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

வந்தவர் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். முகம் மலர்ந்தது.

"இன்னா அண்ணாத்தே, புடிக்கலியாமா?" என்றாள் தேவராஜிடம்.

"புடிக்கலியாவா? எண்பது வருசமா ஒருத்தனும் கை வெக்காத அசல் சரக்குன்றாரு! முன்னாடி வந்தவங்க பளபளப்பைப் பாத்துட்டு, நேத்து செஞ்ச போலின்னு நெனைச்சுகினு போனாங்களாம். சாயங்காலம் வண்டி வருதும்மா, சாவிய எடுத்து வை."

அதுவரை அவளுக்குக் கூரையாக இருந்தது அந்தத் தேங்காய் எண்ணெய்தான். அதைத் தன் கையாலேயே நிறுத்தியிருந்தாள்.

இப்போது முத்தாபுதுப்பேட்டையில், தங்கை வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் கிடக்கிறாள். இந்தக் கதையை எழுதி நான் அவளுக்குப் படித்துக் காட்டப் போனதில் இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை.

"நிறுத்துடா. ஒம்போதாயிரமா? அறுபத்து மூணு. வலது கதவுல ஒண்ணுக்குக் கண்ணே கிடையாது. நீ அந்த ஊட்டு வாசப்படிகூட ஏறுனதில்ல, இல்ல?"