எட்டாவது உருப்படி

நாமக்கல், காலை மணி 5.20.

வாடகைக் கார் வாசலுக்கு வருவதற்குள் ஏழு உருப்படிகளையும் இரண்டு முறை எண்ணிவிட்டேன். பெட்டி இரண்டு, துணிப்பை ஒன்று, மருந்துப் பை, போர்வை மூட்டை, வழியில் கொறிக்கத் தட்டைமுறுக்கு வைத்த கட்டைப்பை, குடைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. கப்பலில் போர்வை தருவார்கள் என்று சென்னையில் இருக்கும் மகள் கவிதா போனில் மூன்று தடவை சொன்னாள். தருவார்கள், யார் போர்த்தியது என்று யார் சொல்வார்கள்?

நான் முப்பத்து நான்கு வருடம் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவன். ஒரு பில்லுக்கு ஏழு பார்சல் என்றால் ஒவ்வொன்றின் மேலும் 1/7, 2/7 என்று மார்க்கரில் எழுதிவிடுவோம். எங்கே இறக்கினாலும் எத்தனையில் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். ஓய்வு பெற்றாலும் கை பழக்கம் போகுமா? எங்கள் உருப்படிகளிலும் அப்படியே எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். நாலு கிடங்கில் சரக்கு காணாமல் போனதற்குப் பதில் சொன்னவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கடலுக்குள் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பும் கப்பல் அது. இரண்டு இரவுக்குக் கவிதாவும் மருமகனும் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நானும் என் மனைவி வசந்தாவும் சேர்ந்து போகும் முதல் நெடும்பயணம் என்றுகூடச் சொல்லலாம். கோயில்களை இதில் சேர்க்கவில்லை.

மணி 6.10, மல்லூர்.

சேலம் ஜங்ஷனுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வாடகை 1,900 ரூபாய். இடையில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். டீக்கடை முன்பக்கம் இருக்க, இவர் ஏன் டிக்கியை ஒட்டி நின்று குடிக்க வேண்டும்? நானும் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கும் ஒரு டீ சொல்லிக் காசும் அவரே கொடுத்தார். அப்போதுகூட எனக்கு மனசு ஒப்பவில்லை.

மணி 6.40, சேலம் ஜங்ஷன்.

போர்ட்டர் என் வயதுக்காரர். 400 கேட்டார், 250க்கு முடிந்தது. சாமான்களை வண்டியில் அடுக்கியவர், "எட்டு உருப்படிங்க" என்றார்.

ஏழு என்றேன். எட்டு என்றார். கூலி கூட்டுவதற்கு வழி பார்க்கிறார் என்று நினைத்து நானே எண்ணினேன். எட்டுதான். மஞ்சள் துணியில் உறை போட்டுத் தைத்த ஒரு பை, நம்பர் இல்லாமல் போர்வை மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. காரின் முன்சீட்டுக்குக் கீழே இருந்ததைத் தான் எடுத்து வைத்ததாக டிரைவர் சொன்னார்.

வசந்தாவைப் பார்த்தேன். அவள் ரயில் வரும் திசையைப் பார்த்தாள்.

"நம்மளுதுதானுங்க. துணி."

எங்கள் தொழிலில் குறைந்தால்கூடச் சமாளிக்கலாம். கூடினால்தான் ஆபத்து. கூடின சரக்கு இன்னொருவர் தலையில் குறைந்த சரக்கு. என்றைக்கு இருந்தாலும் அது நம் தலையில் வந்து விடியும். 'அண்ணா, சென்னையில ஒரு ஆள்கிட்டக் குடுத்துடுங்க' என்று எவனோ கொடுத்த பொட்டலத்துக்காக ஆறு மாதம் உள்ளே இருந்த டிரைவரை எனக்குத் தெரியும். அந்தப் பையை வசந்தாவிடம் யார் கொடுத்தது? தெருமுனைத் தையல்காரம்மாவா, அவள் தம்பி பெண்டாட்டியா? கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை என்றாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி 7.05. ரயில்.

இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி, ஆளுக்கு 150 ரூபாய்ச் சொச்சம். சென்னைக்கு 335 கிலோமீட்டர். சீட்டுக்கு அடியில் பெட்டிகளைத் தள்ளி, லாரிக்காரர்கள் ஸ்டெப்னிக்குப் போடும் சங்கிலியைப் போட்டுப் பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகினேன். மாக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை மண் மேடுகளும் சேர்வராயன் மலையும் பின்னால் போனதாகப் பிறகு வசந்தா சொன்னாள். நான் பார்த்தது எதிர்சீட்டுக்காரரைத்தான்.

ஓமலூர்க்காரர், ஜவ்வரிசி ஆலையில் மேஸ்திரி, மகனைக் கல்லூரியில் பார்க்கப் போகிறார். எல்லாம் அவரே சொன்னது. கேட்காமலே இவ்வளவு சொல்கிறவர் எதை மறைக்கிறார் என்று எனக்கு ஓர் உறுத்தல். அவர் பார்வையும் சங்கிலியை விட்டு நகரவில்லை. பொம்மிடி தாண்டியதும் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, மூணு கீழ ஏழுன்னு போட்டிருக்குதுங்களே. லாரி ஆபீசுங்களா?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் எவனுக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? விளக்கினேன். 1/7 என்றால் ஏழில் ஒன்று, மற்ற ஆறும் வந்து சேரும்வரை அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு பார்சல் என்றால் 1/1. அதற்குக் கூட்டு கிடையாது. தனி பில், தனி ஊர், மற்ற சரக்கோடு கலக்கவே கூடாது. அவர் தலையாட்டினார். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். முப்பத்தாறு வருடமாக அவள் கேட்டுப் புளித்த பாடம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஜோலார்பேட்டையில் அவள் முகம் கழுவப் போனாள். பையையும் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வர எட்டு நிமிடம் ஆனது. காட்பாடியில் நான் தட்டைமுறுக்கை நீட்டினேன், வேண்டாம் என்றாள். மடியிலிருந்த பையின் மேல் கையை வைத்தபடியே தூங்கினாள். தூங்கும்போது தொட்டுப் பார்த்தேன். துணிதான், ஆனால் நிறையத் துணி. இரண்டு இரவுக்கு யாரும் இத்தனை எடுக்க மாட்டார்கள். ஏதோ சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்பது நிச்சயமானது. அவள் வேண்டாமென்ற முறுக்கை நானே தின்று தீர்த்தேன்.

மணி 12.45. சென்னை.

சென்ட்ரலிலிருந்து துறைமுகம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். இரண்டு ஆட்டோ என்றால் சரக்கு பிரிந்துவிடும் என்று 500 ரூபாய்க்கு ஒரு வேன் பிடித்தேன். கப்பல் ஏறும் கட்டடத்தின் வாசலில் நீலச்சட்டைக்காரர்கள் நின்றார்கள். அறை எண் எழுதிய காகிதத்தைப் பெட்டிக் கைப்பிடியில் ஒட்டினார்கள், தள்ளுவண்டியில் போட்டார்கள், உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அறை வாசலுக்கே வந்துவிடுமாம். ரசீது கேட்டேன். ரசீது கிடையாதாம். சீட்டு இல்லாமல் ஒரு தீப்பெட்டியைக்கூட நான் ஒப்படைத்ததில்லை. பின்னால் வரிசையில் நின்ற குடும்பம் எங்களை முந்திப் போனது. சூடு கண்ட பூனையின் பயம் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏழும் போய்விட்டன. எட்டாவதற்கு நீலச்சட்டைக்காரர் கை நீட்டினார். வசந்தா கொடுக்கவில்லை.

அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் கவிதா நிற்பதைப் பார்த்தேன். வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வசந்தா மஞ்சள் உறையின் தையலைப் பல்லால் பிரித்து, உள்ளே இருந்த மெரூன் பையை வெளியே எடுத்தாள். அதன் மேல் மார்க்கரில், என்னுடைய மார்க்கரில், அவளுடைய கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தது: 1/1.

"இது கப்பலுக்கு இல்லீங்க. கவிதா ஊட்டுக்குப் போறது" என்றாள். "கப்பல் திரும்புனதும் நானும் அங்க எறங்கிக்கறனுங்க. ஒரு மூணு மாசம்."

ஏன் என்று கேட்டேன். கவிதாவுக்கு ஏதாவது ஒத்தாசையா, உடம்புக்கு முடியவில்லையா என்று நானே காரணங்களை எடுத்துக் கொடுத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பால் பாக்கெட்டு எத்தன, போன்ல பேசுனது யாரு, கோயிலுக்குப் போய்ட்டு வர ஏன் இத்தன நேரம்னு யாரும் எண்ணாம, ஒரு மூணு மாசம் இருந்து பாக்கறனுங்க."

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"சொல்லியிருந்தா அதுலயும் எட்டு கீழ எட்டுன்னு எழுதியிருப்பீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எழுதியிருப்பேன் என்பது உண்மை. கவிதா பையை வாங்கிக்கொண்டாள். "முன்னாடியே சொல்லிரும்மான்னுதான் நானும் சொன்னேன், அப்பா" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கப்பலில்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பெட்டிகள் பத்திரமாக வருகின்றன. மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் ஏழும் வாசலில் நின்றன. அந்த நீளமான வராந்தா முழுக்க, வாசலுக்கு வாசல், யாருடையவோ பெட்டிகள் காவல் இல்லாமல் நின்றன. ஒருவரும் தொடவில்லை. திரும்பும் நாளுக்கு முந்தின மாலையும் அப்படித்தான் வெளியே வைக்கச் சொல்கிறார்கள். வைத்தேன்.

மேல்தளத்தில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தோம். சுற்றிலும் தண்ணீர், எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. வசந்தா நன்றாகச் சிரித்தாள், இரண்டு தடவை ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு என்று நான் எப்படிச் சொல்கிறேன் பாருங்கள். ஊருக்கே வந்துவிடேன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மூன்று மாதம் என்றுதானே சொன்னாள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மூன்று மாதம்தானா என்று உடனே சந்தேகமும் வந்தது.

மூன்றாம் நாள், சேலம் ஜங்ஷன், மாலை மணி 5.50.

சென்ட்ரலில் அவள்தான் என்னை ரயில் ஏற்றிவிட்டாள். தன்னுடைய பெட்டியில் இருந்த பட்டுப்புடவைகள் அங்கே வேண்டாம் என்று பெட்டியோடு என்னிடமே கொடுத்தாள். "உங்க கணக்குல கொறையக் கூடாதுங்க" என்றாள். வழி நெடுக நான் சங்கிலி போடவில்லை. இந்த முறை மாக்னசைட்டின் வெள்ளை மேடுகளைப் பார்த்தேன். வெயில் சாய்ந்து அவை மஞ்சளாக இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்லப் பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை.

பிளாட்பாரத்தில் அதே போர்ட்டர். இந்த முறை நான் கூலி பேசவில்லை. சாமான்களை இறக்கி, என்னுடைய நம்பர்களை விரலால் தொட்டுத் தொட்டு அவரே எண்ணினார்.

"ஏழுங்க, சரியா இருக்குது. அன்னிக்கு எட்டுக்குச் சண்ட போட்டீங்களே, அது எங்கீங்க?"

அது தனி புக்கிங் என்றேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் உருப்படி சரியாக இருந்தும், ஒன்று குறைகிறது என்று எழுதத் தோன்றியது அன்று ஒரு நாள்தான்.